அண்ணன் காலைக் காட்ட ஓசூரிலிருந்து பெங்களூருக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை நோயாளியை அழைத்துப் போக எது வசதி, எங்கே இறங்க வேண்டும் என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்குக் காலில் புண்ணாம். "பெரிதாக ஒன்றும் இல்லை, வலியே இல்லை. காட்டிவிட்டு அப்படியே லால்பாக் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம்" என்று எழுதியிருந்தார். அந்த "வலியே இல்லை"யைப் படித்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. அவர் மேல் இல்லை. அவருக்கு இத்தனை வருஷமாக யாருமே எதையும் சொல்லவில்லையே என்றுதான்.

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகக் கோயில், அணை, மலை என்று எழுதுவேன். இந்தத் தடவை 1994 ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை, என் அண்ணனை அழைத்துக்கொண்டு பெங்களூர் போய் வந்ததை எழுதுகிறேன். சுற்றுலா இல்லை. ஆனால் இந்தப் பாதையில் இந்தக் காரணத்துக்காகப் போகிறவர்கள்தான் இன்றைக்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

அண்ணன் பெயர் முனிராஜ். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஓசூரில் தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் தெருவிலிருந்து முதலில் கம்பெனிக்குள் போனவர் அண்ணன்தான். லாரிக்கு அச்சு செய்கிற கம்பெனி. அதில் ஃபோர்ஜிங் ஷாப். பழுக்கக் காய்ந்த இரும்பைச் சுத்தியலுக்கு அடியில் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. அவர் சம்பளத்தில்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், கிருஷ்ணகிரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் கம்பெனியில் மெடிக்கல் நடக்கும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பிரஷர் பார்ப்பார்கள். மேல் நம்பர் நூற்று எழுபதுக்குக் குறைந்து நான் கேட்டதில்லை. கீழ் நம்பர் எழுபதுக்குக் கீழே. கம்பெனி டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்தான் சொல்வார்: "மேல் நம்பர் வயசுக்கு ஏறும். கீழ் நம்பர் ஜோரா இருக்கு. ஃபிட்." அண்ணனுக்கு அதில் பெருமை. "நம்ம ஷாப்ல என்னுது மாதிரி கீழ் நம்பர் எவனுக்கும் இல்லையாம் பாப்பா" என்பார். என்னை அவர் கடைசி வரைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

அதற்கு முந்தைய வருஷத்திலிருந்தே வீட்டிலிருந்து மெயின்ரோடு வரைக்கும் அவரால் ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. நடுவில் ஆடுசதை பிடித்துக்கொள்ளும். நின்று, பீடி பற்ற வைத்து, தெரிந்தவர் யாரிடமாவது பேசுகிற மாதிரி பாவனை செய்து, பிறகு நடப்பார். வேலை அலுப்பு என்றார். நாங்களும் நம்பினோம். அந்த ஆவணியில் பழுத்த இரும்புத் துணுக்கு ஒன்று ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. ஷிப்ட் முடிந்து சாக்ஸைக் கழற்றும்போது சாக்ஸோடு தோலும் வந்திருக்கிறது. கம்பெனியில் ஊதா மருந்து தடவி அனுப்பினார்கள். இரண்டு மாசமாகியும் ஆறவில்லை, சுண்டுவிரல் கறுக்க ஆரம்பித்தது. ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் கணுக்காலில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டு, "கையைவிடக் கால்ல ஜாஸ்தியா இருக்கு. ரத்த ஓட்டம் ஃபர்ஸ்ட் கிளாஸ். கட்டு மட்டும் மாத்திக்கோங்க" என்று அனுப்பிவிட்டார் அந்த டாக்டர்.

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் ரத்த ஓட்டம் ஃபர்ஸ்ட் கிளாஸாக இருக்கிற காலில் விரல் ஏன் கறுக்கிறது என்று கேட்க மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. லீவ் போட்டேன்.

காலை ஐந்தரைக்குக் கிருஷ்ணகிரியில் பெங்களூர் பஸ். ஓசூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். அன்றைய டிக்கெட் விலை இன்று உங்களுக்கு எந்த உபயோகமும் இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். சூளகிரி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஏழு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அண்ணனும் அண்ணியும் டீக்கடை ஓரம் நிற்கிறார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேண்ட், காலில் மட்டும் ரப்பர் செருப்பு, அதன் மேல் கட்டு. கட்டை மறைக்க பாலிதீன் பை சுற்றியிருந்தார். நாகம்மா அண்ணி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வெளியே அதிகம் பேச மாட்டார். கையில் டிபன் கேரியர்.

"எதுக்கு பாப்பா இவ்ளோ தூரம்? வலிச்சாத்தான போவணும். வலிக்கவே இல்லியே" என்றார் அண்ணன்.

"வாண்ணா, பஸ் வந்துருச்சு" என்றேன்.

முன்பக்கம் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அண்ணன் அங்கேயே உட்கார்ந்து பெட்டி மேல் காலை நீட்டிக்கொண்டார். அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் வந்து அவர் காலைத் தூக்கித் தள்ளி வைத்தார். அந்தத் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சூடு தெரியவில்லை. இதை நீங்களும் கவனித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி போன காலுக்கு பஸ் இன்ஜினே ஒரு கொள்ளிக்கட்டைதான்.

ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் வால் நீட்டி நின்றதால் அங்கேயே அரைமணிக்கு மேல் போயிற்று. மடிவாளாவில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். டிரைவர் தமிழ்க்காரர், திருப்பத்தூர் பக்கம். கண்ணாடியில் கட்டைப் பார்த்துவிட்டு, "சுகரா?" என்றார்.

"ஆமாம்."

"எங்கப்பாவுக்கும் இதே காலுதாம்மா."

"கால எடுத்துட்டாங்களா?" என்று அண்ணனே கேட்டார்.

"காலுக்கு ஒண்ணும் ஆவலண்ணா. காலு கடைசி வரைக்கும் இருந்துச்சு. ஆளுதான் போயிட்டாரு. ஆர்ட்டு."

டிரைவர், சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவர் போல வேகமாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரி பெயரை எழுதப் போவதில்லை. பெரியது, கூட்டம், சீட்டு வாங்கவே ஒரு மணி நேரம். பதினோரு மணி வாக்கில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் டாக்டர், கன்னடக்காரர். கட்டைப் பிரித்ததும் முகத்தைச் சுளிக்கவில்லை. விரலைத் தொட்டு, "நோவு இத்யா?" என்றார். வலி இருக்கிறதா என்று.

"இல்லா மேடம்" என்றார் அண்ணன், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். நர்சிங் ஹோம் சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு அண்ணன் மேல்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே, துடிப்பு நிற்கும் வரைக்கும் அடித்தார். என்னைக் கூப்பிட்டு என் விரலை எடுத்து அங்கே வைத்தார்.

"துடிக்கிறதா?"

"இல்லை."

"ஆனால் கையில் ஏதாவது படுகிறதா?"

பட்டது. தோலுக்கு அடியில் ஒயர் ஓடுகிற மாதிரி உருட்டினால் உருளுகிற ஒன்று. "ரத்தம் நின்ற பிறகு நல்ல குழாயாக இருந்தால் அமுங்கி, விரலுக்கே தெரியக் கூடாது" என்றார் டாக்டர். சந்தேகம் தீர என் கையிலும் செய்து காட்டினார். துடிப்பு நின்றதும் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் சதை.

எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். மதியம் இரண்டு மணிக்கு அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். பாத எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக இரண்டு கோடுகள், தண்டவாளம் போல, விரல் வரைக்கும் போயிருந்தன. அது ரத்தக் குழாயாம். சுவரில் சுண்ணாம்பு ஏறிவிட்டதாம்.

அவர் சொன்னதைக் கன்னடத்திலிருந்து எனக்குப் புரிந்த தமிழில் தருகிறேன். நல்ல ரத்தக் குழாய் இதயம் தள்ளும்போது விரிந்துகொடுத்து, பிறகு சுருங்கி, ரத்தத்தை முன்னால் அனுப்பும். சர்க்கரை பல வருஷம் இருந்தால் அந்த நெகிழ்வு போய்விடும். குழாய் விறைத்துவிடும். விறைத்த குழாயில் இதயம் தள்ளும்போது மேல் நம்பர் எகிறும், அடுத்த கணமே கீழ் நம்பர் விழும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருப்பதே அபாய மணி. "கீழ் நம்பர் குறைவு என்று யாராவது சந்தோஷப்பட்டார்களா?" என்று கேட்டார். கணுக்காலில் எடுத்த பிரஷர் அதிகமாக இருந்ததும் இதே கதைதான். பட்டை எவ்வளவு இறுக்கினாலும் விறைத்த குழாய் அமுங்காது. அமுங்காததால் மெஷின் பெரிய நம்பரைக் காட்டும். உள்ளே ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

"விரல் ரெண்டு போகும். பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கிறேன்" என்றார். அப்புறம் அண்ணனைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "நீங்கள் காலைக் காட்ட வந்தீர்கள். எனக்குப் பயம் கால் இல்லை. உடம்பு முழுக்க இதே குழாய்தான். உங்கள் இதயம் பத்து வருஷமாகச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. உங்களை மாதிரி ஆட்களுக்கு நெஞ்சு வலிகூட வராமல் போகலாம்."

"ஷிப்ட்டுக்கு எப்போ போலாம் மேடம்?" என்றார் அண்ணன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இவருக்கு இதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லையா? பிரஷருக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லையா?" எனக்கு அழுகை வரவில்லை. பத்து தடவை பட்டை சுற்றியிருக்கிறார்கள். பத்து தடவையும் அந்த இரண்டு நம்பர் அவர்கள் கண் முன்னால் இருந்திருக்கிறது.

அடுத்த திங்கள்கிழமை வந்து சேரச் சொல்லி, மாத்திரை எழுதி, பீடியை அன்றைக்கே நிறுத்தச் சொல்லி அனுப்பினார். திரும்பும் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் ஓரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பொம்மசந்திரா தாண்டியதும் அண்ணன் என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, அந்தம்மா ஆர்ட்டப் பத்திச் சொன்னத உங்கண்ணிகிட்ட சொல்லாத. அவளுக்குக் கன்னடம் அவ்ளோவா வராது. பயந்துகினு கெடப்பா."

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கு வரும்" என்றார். "உனக்குத்தான் ஒண்ணும் ஏறல. ஷிப்ட் எப்பன்னு கேக்கற. எப்படிப் பொழைக்கறதுன்னு கேட்டியா?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து அத்திப்பள்ளிச் சேற்றில் ஜன்னல் வழியாகப் போட்டார். அதன் பிறகு அவர் பீடி தொடவில்லை. மனுஷனிடம் ஒழுங்காகச் சொன்னால் கேட்பார். அதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

ஓசூரில் இறங்கியதும் அவர்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, எக்ஸ்ரேயோடு நேராக அந்த நர்சிங் ஹோமுக்குப் போனேன். பயணத் திட்டத்தில் இல்லாத இடம். அண்ணன் பெயரைச் சொன்னதும் டாக்டருக்கு ஆளை ஞாபகம் வந்தது. படத்தைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மெஷின் என்ன காட்டுச்சோ அதத்தான் எழுதினேன்" என்றார்.

"விரல் கறுத்திருந்ததே, அத மெஷினா காட்டணும்?"

"சத்தம் போடாதீங்கம்மா. வெளியில பேஷண்ட் இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. "சர்க்கரைக்காரங்களுக்கு இப்படித்தாம்மா ஆகும். நாப்பது வயசுல குழா அறுபது ஆயிடும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இதுல யாரைத் திட்டி என்ன ஆவப்போவுது?"

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு சார். எங்கண்ணனுக்கு மட்டும் ஏன் தெரியல?"

அவர் எக்ஸ்ரேயை என்னிடம் நீட்டினார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு நூறு பேரைப் பார்த்திருப்பார். ஆனால் அந்த நூறு பேரில் எத்தனை பேர் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள் என்று யோசித்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எட்டு மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன், சீட் இருந்தும்.

சொன்னபடி இரண்டு விரலை எடுத்தார்கள். புண் ஆறியது. பாதம் தப்பியது. பெங்களூர் டாக்டர், வெக்கையில் நின்று செய்கிற வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் அதைப் பார்த்துவிட்டு, ஃபோர்ஜிங் ஷாப்புக்கு ஆள் வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலை காலி இல்லை, கேட்ட லீவும் கிடையாது, முடியாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். கம்பெனி டாக்டர் மறுபடியும் பட்டை சுற்றி மறுபடியும் ஃபிட் போட்டார். அண்ணனுக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் சுத்தியலுக்கு முன்னால் போய் நின்றார்.

1996 தை மாசம். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் திரும்புகிற கம்பெனி பஸ்ஸில் வந்திருக்கிறார். ஏறும்போது வியர்த்திருக்கிறது, வாயு என்று சொல்லியிருக்கிறார். அந்த பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டுதான் வருவார்கள். ஊர்த் திருப்பத்தில் பக்கத்து சீட்காரர் தட்டி எழுப்பினார். அண்ணன் எழவில்லை. நாற்பத்தொன்பது வயது.

எடுப்பதற்கு முன்னால் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி மாலையோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்து, "ஆபரேஷனுக்கப்புறம் உடம்பு முடியாதப்பகூட ஒரு நாள் லீவ் போடாத மனுஷன்" என்று சொன்னார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தார். ஊருக்கு நடுவே அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"லீவு கேட்டாரு. நீங்க குடுக்கல. அதச் சொல்லு. அத சொல்லிட்டு மாலையப் போடு."

அதிகாரி மாலையைப் போடவில்லை. தரையில் வைத்துவிட்டுப் போனார்.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் அண்ணி யாரிடமும் சொல்லாமல் தனியாக பஸ் ஏறிப் பெங்களூர் போயிருக்கிறார். அதுவரை தனியாக ஓசூர் சந்தையைத் தாண்டாதவர். மடிவாளாவில் இறங்கி விசாரித்து விசாரித்து அதே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, "எனக்கும் பாருங்க" என்றாராம். அவருக்கும் சர்க்கரை இருந்தது, யாரும் பார்த்ததே இல்லை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள்.

இனி, கேட்ட வாசகருக்கு. இப்போது ரோடெல்லாம் மேம்பாலம், ஓசூரிலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது, மடிவாளாவிலேயே இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஆனாலும் அத்திப்பள்ளி நெரிசலும் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலும் அப்படியேதான் இருக்கின்றன, ஆறு மணிக்கு முன்னால் ஓசூரைத் தாண்டிவிடுங்கள். பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், முக்கியமாகப் பிரஷர் நம்பர்கள், இரண்டு நம்பரும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஏன் இவ்வளவு என்று கேளுங்கள். கணுக்காலில் பார்த்தது நன்றாக இருக்கிறது என்றால், குழாய் அமுங்குகிறதா என்று கேளுங்கள், விரல் வரைக்கும் ரத்தம் போகிறதா என்று வேறு வழியில் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணுக்காகப் போனாலும் இதயத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நான் டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். லால்பாக் எங்கேயும் போகாது, அப்பா நடக்கிற நிலைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வலியே இல்லை என்று சொல்கிறாரே, அதனால்தான் சீக்கிரம் போக வேண்டும்.

அண்ணிக்கு இப்போது எழுபத்தைந்து நடக்கிறது. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை தனியாகத்தான் போய் வருகிறார். நான் கூட வந்தால் சண்டை போட்டு நேரமாக்குவேனாம். போன தடவை ஒரு சின்ன வயசு டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு பாட்டி, போயிட்டு வாங்க" என்றிருக்கிறார். அண்ணி நாற்காலியை விட்டு எழவில்லையாம்.

"எது எது நல்லா இருக்குன்னு ஒண்ணொண்ணா சொல்லு. கேட்டுட்டுப் போறேன்" என்றாராம்.